"டோபமைன் கம்மி" என்கிற பேச்சு: கவனம், முன்மூளைப் புறணி, ஏற்பிகள் பற்றி ஒரு இழை

#1 மஞ்சக்குப்பம்_டியூஷன்

வணக்கம். கடலூர்ப் பக்கம் நீட், டிஎன்பிஎஸ்சி படிக்கிற பிள்ளைகள் நடுவில் "டோபமைன் கம்மி, அதான் கவனம் நிக்க மாட்டேங்குது" என்கிற பேச்சு பரவிக் கிடக்கிறது. அதற்கு மருந்து என்று மூன்று சாமான்கள் கைமாறுகின்றன: எல்-டைரோசின் 500 மி.கி. கேப்சூல், ஜிம்மில் விற்கும் 'ப்ரீ-ஒர்க்அவுட்' பவுடர், நாட்டு மருந்துக் கடைப் பூனைக்காலி விதைப் பொடி. இது போதாதென்று, வேறொருவருக்கு டாக்டர் எழுதிய மாத்திரை அட்டையிலிருந்து இரண்டைக் கிள்ளிக் கொடுப்பதும் நடக்கிறது.

மூளையில் என்னதான் நடக்கிறது? இவற்றில் எது உதவும், எது கெடுக்கும்? பெற்றோரிடம் எடுத்துச் சொல்கிற மாதிரி, அதே நேரம் விஷயத்தை மழுப்பாமல் யாராவது எழுதுங்கள்.

#2 கோரிமேடு_மருந்தியல்

டோபமைன் என்பது நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லச் சுரக்கும் வேதிப்பொருள். முதலில் 'கம்மி' என்ற சொல்லை ஓரமாக வைத்துவிடலாம் சார். குழப்பமெல்லாம் அதில்தான் தொடங்குகிறது.

கவனத்தை ஒரே இடத்தில் நிறுத்தி வைப்பது ப்ரீஃப்ரன்டல் கார்டெக்ஸ், நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணி. அதன் வேலையைப் பழைய குரங்குச் சோதனை ஒன்றை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். குரங்கின் முன்னால் இரண்டு குழிகள். அது பார்க்கும்போதே ஒரு குழியில் தீனி வைத்து இரண்டையும் மூடிவிடுவார்கள். நடுவில் திரை விழும். சில விநாடி கழித்துத் திரை ஏறும்போது குரங்கு சரியான குழியைத் திறக்க வேண்டும். கண்முன் தடயம் எதுவும் கிடையாது. 'இடப்பக்கம்' என்ற சேதியை மூளை தானே பிடித்து வைத்திருக்க வேண்டும். 1971இல் இந்தக் காத்திருப்பு நேரம் முழுக்க விடாமல் துடிக்கும் நரம்பணுக்களை முன்மூளைப் புறணியில் கண்டுபிடித்தார்கள். ஒன்றையொன்று தூண்டிக்கொண்டே இருப்பதால்தான் அந்தத் துடிப்பு அணையாமல் நிற்கிறது.

1979இல் பட்ரீசியா கோல்ட்மன்-ராகிச் இருந்த ஆய்வுக் குழு, குரங்கின் அந்தப் பகுதியில் டோபமைனை மட்டும் வற்ற வைத்துப் பார்த்தது. அந்த இடத்தையே வெட்டி எடுத்தால் வருகிற அளவுக்குக் கிட்டத்தட்ட அதே குறைபாடு வந்தது. டோபமைன் வழியைத் தூண்டும் மருந்து கொடுத்ததும் மீண்டது. 'டோபமைன் கம்மி' பேச்சுக்கு வேர் இதுதான். ஆனால் அதோடு கதை முடியவில்லை. எலிகளின் முன்மூளைப் புறணியில் டி1 ஏற்பியை (ஏற்பி என்பது சேதிப்பொருள் வந்து ஒட்டும் புரதம்; டி1 டோபமைனுக்கானது) அளவுக்கு மிஞ்சித் தூண்டியபோது, அவையும் அதே மாதிரியான வேலையில் தடுமாறின. குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல். வரைபடம் போட்டால் கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி வரும். நடுவில் ஒரு மேடு, அங்கேதான் வேலை நடக்கும்.

#3 லாஸ்பேட்டை_நியூரோ

மருந்தியல் சார் டோபமைனைச் சொல்லிவிட்டார். முன்மூளைப் புறணிக்கு நோரட்ரினலின் என்ற இன்னொரு சேதிப்பொருளும் அதே அளவு முக்கியம். அதை விட்டுவிட்டுப் பேசினால் மாத்திரைகள் எதுவும் புரியாது.

ஏற்பிகள் நரம்பணுக் கிளையில் இருக்கும் சிறு முட்களின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு முள்ளைப் பெரிதாக்கிப் பாருங்கள். நுனியில் பக்கத்து அணுவிலிருந்து சேதி வந்து விழுகிறது. பக்கவாட்டில் எச்சிஎன் என்ற அயனி வாய்க்கால் இருக்கிறது. அது திறந்திருந்தால், வந்த சேதி கிளைக்குப் போய்ச் சேருமுன்பே ஓட்டைக் குடத்துத் தண்ணீர் மாதிரி ஒழுகிவிடும். மூடியிருந்தால் முழுசாகப் போய்ச் சேரும். உள்ளே சைக்ளிக் ஏஎம்பி என்ற சின்ன மூலக்கூறு ஏறினால் வாய்க்கால் திறக்கும், இறங்கினால் மூடும்.

நோரட்ரினலின் ஆல்ஃபா-2ஏ ஏற்பியில் ஒட்டும்போது சைக்ளிக் ஏஎம்பி இறங்குகிறது, ஓட்டை அடைபடுகிறது, 'இடப்பக்கம்' என்ற சேதி வலுக்கிறது. டோபமைன் டி1 ஏற்பியில் ஒட்டும்போது சைக்ளிக் ஏஎம்பி ஏறுகிறது. வேறு முட்களில் நடக்கும் இந்த ஒழுக்கு, அளவோடு இருக்கும்வரை, வேண்டாத சேதிகளை வடித்துவிடும். ஒன்று குரலை உயர்த்துகிறது, மற்றது கூச்சலைக் குறைக்கிறது.

இனி அளவு மிஞ்சும்போது நடப்பது. ஆல்ஃபா-2ஏ ஏற்பிக்கு நோரட்ரினலின் மேல் ஒட்டுதல் அதிகம். கொஞ்சமே சுரந்தாலும் பிடித்துக்கொள்ளும். ஆல்ஃபா-1, பீட்டா-1 ஏற்பிகளுக்கு ஒட்டுதல் குறைவு. பயத்திலும் பதற்றத்திலும் நோரட்ரினலின் கொட்டும்போதுதான் அவை வேலைக்கு வரும். ஆல்ஃபா-1 உள்ளே கால்சியத்தை ஏற்றும், பீட்டா-1 சைக்ளிக் ஏஎம்பியை ஏற்றும், வாய்க்கால்கள் திறந்துகொள்ளும், துடிப்பு அணைந்துவிடும். கேள்வித்தாளை வாங்கியதும் 'எல்லாம் மறந்துபோச்சு' என்று பிள்ளைகள் சொல்வது வெறும் சாக்கு இல்லை. அந்தச் சில நிமிடம் முன்மூளைப் புறணி உண்மையாகவே இணைப்பு அறுந்து நிற்கிறது. பழக்கத்தை ஆளும் அடிமூளைப் பகுதியும் பயத்தை ஆளும் அமிக்டலாவும் அப்போது கையோங்கி நிற்கும்.

#4 திருப்பாதிரிப்புலியூர்_மருந்தாளுநர்

கடைச் சாமான் மூன்றுக்கும் நான் பதில் சொல்கிறேன்.

எல்-டைரோசின்: டோபமைனுக்கு மூலப்பொருள் இதுதான், உண்மை. ஆனால் டைரோசினை எல்-டோபாவாக மாற்றும் நொதிக்கு, சாதாரணமாகச் சாப்பிடுகிறவர் உடம்பில் இருக்கும் டைரோசினே கிட்டத்தட்ட நிறைந்துதான் இருக்கிறது. இட்லி மாவு தீராமல் கிடக்கும்போது இன்னொரு மூட்டை அரிசி இறக்கி என்ன பயன்? தடை வேறிடத்தில். கடுங்குளிர் மாதிரி உடம்பை வாட்டும் சூழலில் படைவீரர்களிடம் நடந்த சோதனைகளில் கொஞ்சம் பலன் தெரிந்தது. ஆனால் அங்கே கொடுத்தது கிலோவுக்கு 100 மி.கி. கணக்கில். 60 கிலோ ஆளுக்கு 6 கிராம், அதாவது அந்த 500 மி.கி. கேப்சூலில் 12. ஒன்றோ இரண்டோ விழுங்கிவிட்டு 'கிர்ருனு ஏறுது' என்பது மனப்பிரமை. அதோடு, டைரோசினும், புரதத்தில் இருக்கும் லியூசினும் மூளைக்குள் நுழைவது ஒரே வாசல் வழியாக. வே புரோட்டீன் பவுடரோடு கலந்து குடித்தால் வாசலில் நெரிசல்தான். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

பூனைக்காலி: இதில் டைரோசின் இல்லை, அடுத்த படியான எல்-டோபாவே இருக்கிறது. விதையில் எடைக்கு 3 முதல் 6 சதம் வரை. பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கிற அதே பொருள். மருந்துக் கம்பெனி மாத்திரையில் எல்-டோபாவோடு கார்பிடோபா சேர்த்திருப்பார்கள், வழியிலேயே டோபமைனாக மாறாமல் தடுக்க. பொடியில் அந்தக் காவல் கிடையாது. குமட்டல், வாந்தி, எழுந்து நின்றால் தலைசுற்றல் எல்லாம் அதனால்தான். 5 கிராம் பொடியில் 150 மி.கி. இருக்கலாம், 300ம் இருக்கலாம்; மூட்டைக்கு மூட்டை மாறும். மேலே சொன்ன கிண்ண வரைபடத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதற்கு ஒப்பு. படிப்புக்காக இதைத் தொடவே வேண்டாம்.

ஜிம் பவுடர்: மூன்றிலும் இதுதான் எனக்கு அதிகக் கவலை. டப்பாவின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். சிலவற்றில் 'யோகிம்பின்', 'யோகிம்பே பட்டைச் சாறு', 'ஆல்ஃபா யோகிம்பின்', 'ராவுல்சின்' என்று இருக்கும். கொழுப்பைக் கரைக்க என்று சேர்ப்பது. அது செய்கிற வேலை ஆல்ஃபா-2 ஏற்பியை அடைப்பது.

#5 லாஸ்பேட்டை_நியூரோ

மருந்தாளுநர் சொன்ன கடைசி வரியை அடிக்கோடிட்டுப் படியுங்கள். கவனத்தை நிறுத்துகிற ஏற்பி எதுவோ, அதையே மூடும் பொருள் அது. குரங்கின் முன்மூளைப் புறணியில் யோகிம்பினை நேரடியாகச் செலுத்தியபோது காத்திருப்புச் சோதனையில் தடுமாறின, இருப்புக் கொள்ளாத துறுதுறுப்பும் வந்தது. ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறை மிகைச்செயல்பாட்டுக் கோளாறின் அசல் முகம். அது மட்டுமில்லை, நோரட்ரினலின் சுரக்கும் நரம்பு முனையிலும் ஆல்ஃபா-2 ஏற்பிதான் 'போதும்' என்று நிறுத்தும் பிரேக். அதையும் சேர்த்து அடைத்தால் நோரட்ரினலின் இன்னும் கொட்டும், ஆல்ஃபா-1 விழித்துக்கொள்ளும். படபடப்பைச் சுறுசுறுப்பு என்று பையன் நினைத்துக்கொள்வான். கணக்கு மட்டும் வராது.

#6 வில்லியனூர்_சிறப்பாசிரியர்

ஏடிஎச்டி பிள்ளைகளுக்கு டாக்டர் எழுதும் மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை டோபமைனை அதிகமாகச் சுரக்க வைக்கிறது, அதனால் கவனம் வருகிறது என்று பெற்றோர் கூட்டங்களில் சொல்லி வருகிறோம். அது சரிதானா? பள்ளியில் மாத்திரை எடுக்கும் பிள்ளைகளிடம் ஆசிரியர்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்பதையும் யாராவது சொல்லுங்கள்.

#7 கோரிமேடு_மருந்தியல்

சின்னத் திருத்தம் மேடம். சுரக்க வைப்பதில்லை, சுரந்ததைத் திரும்ப உறிஞ்சும் புரதத்தை அடைக்கிறது. சுரக்கவும் வைப்பது ஆம்ஃபெடமின் வகை. அடைப்பு இரண்டு: டோபமைன் உறிஞ்சி, நோரட்ரினலின் உறிஞ்சி. முன்மூளைப் புறணியில் டோபமைன் உறிஞ்சிகள் மிகக் குறைவு. அங்கே டோபமைனையும் சேர்த்து வாரிக்கொண்டு போவது நோரட்ரினலின் உறிஞ்சிதான். அதனால் அதை மட்டும் அடைக்கிற, அதே கோளாறுக்கான இன்னொரு மருந்தான அடோமோக்செடினும் அந்தப் பகுதியில் இரண்டையும் ஏற்றிவிடுகிறது. அடிமூளையின் பரிசு மையத்தில் டோபமைனை அது அப்படி ஏற்றுவதில்லை. போதைப் பழக்கம் வராததற்கு அதுதான் காரணம். மெத்தில்ஃபெனிடேட்டும் சிகிச்சைக்கான குறைந்த அளவில் முன்மூளைப் புறணியிலேயே அதிகம் வேலை செய்கிறது என்று எலிச் சோதனைகள் காட்டின. அளவைக் கூட்டக் கூட்டத்தான் மற்ற இடங்கள் பொங்கும். ஒரே மாத்திரை ஒருவருக்கு மருந்தாவதும் இன்னொருவருக்குப் போதையாவதும் இப்படித்தான்.

உடனடி வகை மெத்தில்ஃபெனிடேட் 6 வயதுக்கு மேல். வழக்கமாக 5 மி.கி., காலையும் மதியமும். வாரம் ஒருமுறை 5 முதல் 10 மி.கி. வரை டாக்டர் ஏற்றுவார். நாளுக்கு 60 மி.கி. எல்லை. அரை மணியில் பிடிக்கும், 4 மணி நேரத்தில் இறங்கும். காலை 8 மணிக்குக் கொடுத்தால் 12 மணி வகுப்பில் பிள்ளை பழையபடி ஆகிவிடும். 'மாத்திரை வேலை செய்யவில்லை' என்ற புகாரில் பாதி இந்தக் கணக்குத் தெரியாமல் வருவது. பசியைக் குறைக்கும், ஆகவே காலைச் சாப்பாட்டுக்குப் பிறகே கொடுக்க வேண்டும். மாலை 4 மணிக்குமேல் கொடுத்தால் தூக்கம் போகும். தொடங்குமுன் நாடி, ரத்த அழுத்தம், எடை, உயரம் குறித்து, பிறகும் சீராகப் பார்க்க வேண்டும். குடும்பத்தில் இளவயதில் திடீர் மாரடைப்பு, இதயத் துடிப்புக் கோளாறு இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியது அமைதி இல்லை மேடம். அளவு கூடிய பிள்ளைதான் வகுப்பிலேயே ரொம்ப அமைதியாக இருக்கும். சிலை மாதிரி உட்கார்ந்திருக்கும், விளையாடக் கூப்பிட்டால் வராது. ஒரே எழுத்தை அழித்து அழித்து எழுதும். கூட்டல் முடித்துக் கழித்தல் பக்கம் போகச் சொன்னால் மாற முடியாமல் தவிக்கும். மேட்டின் மறுபக்கச் சரிவில் இறங்கிவிட்ட அடையாளம் அது. 'இப்போதுதான் சமர்த்தாக இருக்கிறான்' என்று சந்தோஷப்படாமல் அன்றைக்கே பெற்றோரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்.

#8 திருப்பாதிரிப்புலியூர்_மருந்தாளுநர்

அட்டையிலிருந்து கிள்ளிக் கொடுப்பதைப் பற்றி. மெத்தில்ஃபெனிடேட் நம் நாட்டில் எக்ஸ் அட்டவணை மருந்து, அதாவது கடும் கட்டுப்பாட்டில் விற்க வேண்டியது, போதைப்பொருள் தடுப்புச் சட்டப் பட்டியலிலும் உண்டு. சீட்டு இரண்டு பிரதி வேண்டும். ஒன்றைக் கடையில் 2 வருடம் பாதுகாத்து வைக்க வேண்டும். நண்பனுக்குக் கொடுப்பது உதவி கிடையாது, சட்டப்படி குற்றம்.

அடோமோக்செடின் விஷயத்தில் கடையில் அடிக்கடி பார்க்கும் தப்புகள் மூன்று. ஒரு வாரத்தில் பலன் இல்லை என்று நிறுத்துவது: அது தெரியவே 2 முதல் 4 வாரம், முழுசாகத் தெரிய இன்னும் கூடும். விழுங்கத் தெரியாத பிள்ளைக்குக் கேப்சூலைப் பிரித்துத் தேனில் குழைப்பது: அந்தத் தூள் கண்ணில் பட்டால் எரிச்சல் தரும், பிரிக்கவே கூடாது. மூன்றாவது, வேறு டாக்டர் மனச்சோர்வுக்கு எழுதிய ஃப்ளுவாக்செடின், பராக்செடின் மாத்திரைகளை அதோடு சேர்ப்பது: அடோமோக்செடினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை இவை முடக்கிவிடும், அதே அளவு மருந்து பல மடங்காக உடம்பில் தங்கும். தொடக்க அளவு கிலோவுக்கு 0.5 மி.கி., பிறகு 1.2 வரை. 30 கிலோ பிள்ளைக்கு 15இல் தொடங்கி 36 என்று கணக்கு வரும். தொடங்கிய முதல் சில வாரம் பிள்ளை மனம் சோர்ந்து 'செத்துப் போகலாம்' என்ற மாதிரி பேசினால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

இதே கோளாறுக்குத் தரும் இன்னொரு மருந்தான குளோனிடின் எடுப்பவர்கள் தாமாகவே திடீரென்று நிறுத்தக்கூடாது, ரத்த அழுத்தம் எகிறும். ஊருக்குப் போகும்போது மாத்திரையை மறந்துவிட்டுப் போவதும் நிறுத்தியதற்குச் சமம்.

#9 முத்தியால்பேட்டை_வாசகர்

டாக்டரிடம் போகிற அளவுக்கு இல்லாதவர்கள் என்ன செய்வது? ரோமன் ரோலண்ட் நூலகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து படிக்கிற பசங்களுக்குக் காபிதான் மருந்து. ஒரு நாளைக்கு எத்தனை தாங்கும்?

#10 லாஸ்பேட்டை_நியூரோ

விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் சேர்ந்துகொண்டே போகும். அதன் ஏ1, ஏ2ஏ ஏற்பிகளைக் காஃபின் அடைக்கிறது. களைப்பு போய்விடவில்லை, களைப்பைச் சொல்லும் மணியைத்தான் அமுக்கியிருக்கிறோம். கூடவே நோரட்ரினலினும் கொஞ்சம் ஏறும்.

ஒரு டம்ளர் ஃபில்டர் காபிக்குக் கணக்குப் போடலாம். தூள் 10 கிராம், அதில் சிக்கரி 40 சதம் என்றால் காபி 6 கிராம். சிக்கரியில் காஃபின் துளியும் இல்லை. அரபிகா கொட்டையில் காஃபின் சுமார் 1.2 சதம், ரொபஸ்டாவில் சுமார் 2.2. முழுசாக இறங்கினால் முதலாவதில் 72 மி.கி., இரண்டாவதில் 132. ஒரே டம்ளர், ஒரே நிறம், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம். உடல்நலம் உள்ள பெரியவர்களுக்கு ஒரு தடவைக்கு 200, நாளுக்கு 400 மி.கி. எல்லை என்று வைத்துக்கொள்ளலாம். பாதி கழியச் சுமார் 5 மணி நேரம். மாலை 5 மணிக் காபியில் பாதி இரவு 10 மணிக்கும் மூளையில் இருக்கும். தூக்கம் குறையும், மறுநாள் இன்னும் ஒரு டம்ளர் கூடும்.

அதைவிட முக்கியம், குடிக்குமுன் தான் மேட்டின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று பார்ப்பது. கொட்டாவி, அதே வரியைக் கண் மூன்று தடவை கடப்பது, பேனா நழுவுவது: இது குறைந்த பக்கம். எழுந்து நாலு எட்டு நடக்கலாம், வெளிச்சத்தில் நிற்கலாம், ஒரு காபி குடிக்கலாம். நெஞ்சு படபடப்பு, உள்ளங்கை வியர்வை, ஒரு கேள்வியை முடிக்காமல் அடுத்ததுக்குத் தாவுவது: இது மிஞ்சிய பக்கம். இங்கே காபி குடித்தால் எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுகிற கதை. இந்தப் பக்கத்துக்கு மூச்சை மெதுவாக வெளியே விடுவது, நன்றாகத் தெரிந்த ஒரு கணக்கை முதலில் போட்டு முடிப்பது, நினைவில் சுமக்கும் சூத்திரங்களைத் தாள் ஓரத்தில் எழுதிப் பாரத்தை இறக்கி வைப்பது. தேர்வு நாள் காலையில் பெரும்பாலான பிள்ளைகள் இந்தப் பக்கம்தான் நிற்கிறார்கள். வீட்டில் இரண்டாவது டம்ளரைக் கையில் திணிப்பது அன்றைக்குத்தான்!

#11 வில்லியனூர்_சிறப்பாசிரியர்

தெரிந்த கணக்கை முதலில் போடுவது ஏன் உதவுகிறது? தைரியம் வருவதற்காக மட்டும்தானா?

#12 லாஸ்பேட்டை_நியூரோ

'என் கையில் இருக்கிறது' என்ற உணர்வுக்கே தனி வலு உண்டு மேடம். ஒரு சோதனையில், ஒரே உரத்த இரைச்சலைக் கேட்டவர்களில், 'வேண்டுமானால் இந்தப் பொத்தானை அமுக்கி நிறுத்திக்கொள்ளலாம்' என்று சொல்லப்பட்டவர்கள் பிறகு கொடுத்த வேலையைக் கூடுதல் நேரம் விடாமல் செய்தார்கள், பொத்தானை அமுக்காதவர்களும்கூட. முன்மூளைப் புறணியைக் கவிழ்ப்பது கட்டுக்குள் இல்லாத நெருக்கடிதான். ஆடி மாதத்தில் தெருமுனை ஒலிபெருக்கிக்கு எதிரே உட்கார்ந்து படிக்கும் பிள்ளையிடம் 'உனக்குத்தான் கவனம் இல்லை' என்பதைவிட, எந்த அறையில் எந்த நேரம் படிப்பது என்று அதையே முடிவு செய்ய விடலாம்.

#13 முத்தியால்பேட்டை_வாசகர்

எச்சில் மாதிரி எடுத்து 'உங்கள் டோபமைன் மரபணு' என்று சொல்லும் சோதனை?

#14 கோரிமேடு_மருந்தியல்

அதில் பார்ப்பது காம்ட் நொதியின் மரபணு. 158ஆம் இடத்தில் வேலின் இருந்தால் நொதி வேகமாக டோபமைனைச் சிதைக்கும், மெத்தியோனின் இருந்தால் மெதுவாக. உறிஞ்சிகள் குறைந்த முன்மூளைப் புறணியில் இந்த நொதிக்கு வேலை அதிகம் என்பதால் ஆரம்பத்தில் பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. பின்னால் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது நினைவுத்திறன் வித்தியாசம் மிகச் சிறியதாகப் போய்விட்டது. ஒரு பிள்ளைக்கு எதையும் முடிவு செய்ய உதவாது. அந்தக் காசில் ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் பாருங்கள்.

#15 மஞ்சக்குப்பம்_டியூஷன்

அனைவருக்கும் நன்றி. ஃபெரிட்டின் எதற்கு? ரத்தசோகை வேறு, கவனம் வேறு இல்லையா?

#16 கோரிமேடு_மருந்தியல்

ஒன்றோடொன்று தொட்டதுதான் சார். டைரோசினை எல்-டோபாவாக மாற்றும் அந்த நொதி இரும்பு இல்லாமல் ஓடாது. மருந்தாளுநர் சொன்ன 'தடை வேறிடத்தில்' என்பது சிலருக்கு இந்த இடமாக இருக்கலாம். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் சேமிப்பு இரும்பு வற்றியிருக்கும். அதைக் காட்டுவது ஃபெரிட்டின். காய்ச்சல், சளி இருக்கும்போது எடுத்தால் பொய்யாகக் கூடக் காட்டும், ஆறிய பிறகு எடுங்கள். மாதவிடாய் தொடங்கிய பெண் பிள்ளைகளுக்கு முதலில் பாருங்கள். பள்ளியில் வாரம் ஒருநாள் தரும் நீல மாத்திரையில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. வயிறு புரட்டுகிறது என்று பிள்ளைகள் ஜன்னல் வழியே எறிந்துவிடுவது உண்டு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்தால் புரட்டல் குறையும். முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி கூடாது, இரும்பை அவை கட்டிப்போடும். எலுமிச்சை சாதம், நெல்லிக்காய் மாதிரி புளிப்பு கூட இருந்தால் நன்றாக ஏறும். ஃபெரிட்டின் குறைவாக வந்தால் வார மாத்திரை போதாது, தினசரி அளவை டாக்டர் எழுதித் தர வேண்டும்.

#17 திருப்பாதிரிப்புலியூர்_மருந்தாளுநர்

டியூஷன் சார், பசங்களிடம் இருக்கும் பவுடர் டப்பாக்களின் பின்பக்கத்தைப் படமெடுத்து இங்கே போடுங்கள். பிராண்டு பெயரை மறைத்துவிட்டு, சேர்மானப் பட்டியலும் ஒரு கரண்டிக்கு எத்தனை மி.கி. காஃபின் என்ற வரியும் தெரிந்தால் போதும். 'தனியுரிமைக் கலவை' என்று மொத்த எடையை மட்டும் போட்டு, உள்ளே எது எவ்வளவு என்று சொல்லாத டப்பாவை முதலில் ஒதுக்கி வையுங்கள். மற்றவற்றை வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.

#18 மஞ்சக்குப்பம்_டியூஷன்

நான்கு டப்பா சேர்ந்திருக்கிறது சார். ஒன்றில் ஒரு கரண்டிக்கு 300 மி.கி. காஃபின், அடுத்த வரியிலேயே யோகிம்பே பட்டைச் சாறு. அதை வைத்திருந்த பையனின் அப்பாவிடம் #4, #5 இரண்டையும் படித்துக் காட்டப் போகிறேன். மீதி மூன்றின் படமும் இன்று இரவு போடுகிறேன்.